மே மாசம் மட்டும் லேப் சாவியைக் கொடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வந்த கல்வி இணைப்பை ரெண்டு தடவ படிச்சேன். படிச்சேன்னு சொல்றதவிட பார்த்தேன்னு சொல்லலாம், ஏன்னா அதுல கட்டுரையவிட விளம்பரம்தான் ஜாஸ்தி. டென்த் முடிச்சாச்சா, லீவுலயே ப்ளஸ் ஒன் பயாலஜி மொத்தத்தையும் முடிச்சுத் தர்றோம்ங்கிற மாதிரி பக்கத்துக்கு ஒண்ணு. பத்தாவது பரீட்சை ஏப்ரல்ல முடியுது, ஜூன்ல ஸ்கூல் திறக்குது, நடுவுல இருக்குற அம்பது நாள்ல ஒரு வருஷப் பாடத்த முடிச்சுடலாம்னா அப்புறம் அந்த ஒரு வருஷம் எதுக்குன்னு யாராவது கேப்பாங்கன்னு பார்த்தேன். யாரும் கேக்கல, அதான் நான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும். வெட்டணும்னா நடுவுல வெட்டிக்கோங்க, கடைசில ஒண்ணு கேட்டிருக்கேன் அத மட்டும் விட்டுடாதீங்க.

நான் வாத்தியார் இல்ல. தூத்துக்குடி மாவட்டத்துல ஒரு மேல்நிலைப் பள்ளில பயாலஜி லேப் அசிஸ்டெண்டா இருபத்தாறு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். ஸ்லைடு கழுவுறது, மைக்ராஸ்கோப் துடைக்கிறது, ஃபார்மலின் ஜாடிக்கு மூடி மாத்துறது, பிராக்டிக்கல் அன்னைக்கு வெங்காயம் வாங்கிட்டு வர்றது, இதான் என் வேல. பாடம் நடத்துறவங்களுக்குப் பிள்ளைங்க மார்க் தெரியும், எனக்கு அவங்க கை தெரியும். எந்தப் பிள்ளைக்கு பிளேடு பிடிக்க வரும், எது கவர் ஸ்லிப்ப, அதான் ஸ்லைடு மேல மூடுற மெல்லிசுக் கண்ணாடிய, நொறுக்கும்னு ரெண்டாவது வாரத்துலயே சொல்லிடுவேன்.

வருஷா வருஷம் ஜூன் கடைசில முத பிராக்டிக்கல் வரும். வெங்காயத் தோல உரிச்சு ஸ்லைடுல வச்சு ஒரு சொட்டு சாஃப்ரனின்ங்கிற சிவப்புச் சாயம் விட்டு பார்க்கணும். அவ்வளவுதான். ஆனா பாருங்க, கவர் ஸ்லிப்ப அப்படியே பொத்துனு மேல போடுவாங்க, உள்ள காத்து மாட்டிக்கும், மைக்ராஸ்கோப்புல பார்த்தா கறுப்புக் கரை கட்டின வட்டம் வட்டமா அழகாத் தெரியும், உடனே "அண்ணாச்சி, செல் தெரியுது"ன்னு சத்தம் போட்டு நோட்டுல வரைஞ்சு நியூக்ளியஸ்னு அம்புக்குறியும் போட்டுடுவாங்க. வரைஞ்சது காத்துக் குமிழி. இதுல என்னன்னா, அறிவியல்ல தொண்ணூத்தஞ்சுக்கு மேல வாங்கின பிள்ளைங்களும் இதத்தான் செய்யும். செல் படம் பத்தாவது வரைக்கும் அம்பது தடவ வரைஞ்சிருக்கும், பாகம் குறிச்சிருக்கும், ஆனா செல்லுன்னா செங்கல் அடுக்கின மாதிரி வரிசையா இருக்கும், வட்டமாத் தனியா மிதக்காதுன்னு கண்ணுக்குத் தெரியாது. கண்ணு பழகல, அவ்வளவுதான். அத திட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல, ஒரு ஓரத்த ஊசில தாங்கிப் பிடிச்சு சாய்வா மெதுவா இறக்குன்னு காட்டிக் கொடுத்தா ரெண்டாவது தடவயே சரியா வந்துடும்.

இந்த வருஷம் என் பேத்தி பத்தாவது எழுதினா. பயோ மேக்ஸ் எடுக்கப்போறேன்னு அவளே சொல்லிட்டா. என் மகன் உடனே ஒரு சென்டர்ல விசாரிச்சுட்டு வந்தான், காலைல எட்டு மணிக்குப் போனா சாயந்தரம் அஞ்சு, வாரத்துல ஆறு நாள், ஃபீஸ் எவ்வளவுன்னு நான் சொல்லல, சொன்னா உங்களுக்கும் வயித்தெரிச்சல். எங்க தெருவுலயே ஒரு பையன் போன வருஷம் அந்த மாதிரி ஒரு இடத்துக்குத்தான் போனான், பேரு வேண்டாம். மே மாசத்துலயே ஜூவாலஜி முடிஞ்சிருச்சுன்னு அவங்கம்மா சொன்னாங்க. ஆகஸ்ட்ல அவன்கிட்ட சும்மா பேச்சுவாக்குல நெஃப்ரான், அதான் சிறுநீரகத்துல ரத்தத்த வடிகட்டுற சின்னக் குழாய், அது எங்கடா இருக்குன்னு கேட்டேன், "சி ஆப்ஷன்"ன்னான். விளையாட்டுக்குச் சொன்னானா நிஜமாவேவான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

நீட் வேண்டாம்னு நான் பேச வரல, அந்தச் சண்டைய உங்க பேப்பர்ல தினமும் பெரியவங்க போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. இருக்குற வரைக்கும் எழுதித்தான் ஆகணும், 180 கேள்வில 90 பயாலஜி, 720 மார்க்குல 360, அதுல கிட்டத்தட்ட பாதி ப்ளஸ் ஒன் பாடத்துல இருந்துதான் வருது. ப்ளஸ் ஒன்னுக்கு 2018ல பொதுத்தேர்வு கொண்டாந்ததே, ஸ்கூல்ல எல்லாம் ப்ளஸ் ஒன் பாடத்தத் தாண்டிக் குதிச்சு நேரா ப்ளஸ் டூ நடத்துறாங்கன்னுதான். இப்ப அந்தப் பொதுத்தேர்வையும் எடுத்தாச்சு. பிள்ளைங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்னு எனக்கும் சந்தோஷம்தான், ஆனா பழைய பழக்கம் திரும்பிடுமோன்னு ஒரு பயமும் இருக்கு. அதனாலதான் இந்த லீவு முக்கியம்னு நானும் சொல்றேன். எதுக்கு முக்கியம்ங்கிறதுல மட்டும்தான் எனக்கும் விளம்பரக்காரங்களுக்கும் தகராறு.

பாடப் புத்தகத்த எடுத்துப் பாருங்க, நம்ம ஸ்டேட் போர்டுல பயோ ஜூவாலஜி 12 பாடம், பயோ பாட்டனி 15 பாடம். மொத்தம் 27. புத்தகம் பி.டி.எஃப்பா சும்மாவே கிடைக்குது, பழசு வேணும்னா ஏற்கெனவே படிச்ச பிள்ளைங்க வீட்டுலயே கிடக்கும். அத லீவுல ஒரு தடவ கதை படிக்கிற மாதிரி, படத்த மட்டும் பார்த்துக்கிட்டு, என்ன வருதுன்னு தெரிஞ்சுக்கிற அளவுக்குப் புரட்டினாப் போதும். மனப்பாடம் வேண்டாம். பாதி பாடம் பத்தாவதுல பார்த்த ஆளுங்கதான், ரத்த ஓட்டம், நரம்பு, ஹார்மோன் எல்லாம் கொஞ்சம் வளர்ந்து திரும்ப வருது. பத்தாவதுல அட்டையும் முயலும், இங்க மண்புழு, கரப்பான், தவளை. புரட்டுறதுக்கு ஒரு வாரம். மிச்ச நாளுக்கு நான் சொல்றதக் கேளுடான்னு மகன்கிட்ட மல்லுக்கு நின்னு பேத்திய என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். என்ன செஞ்சோம்னு சொல்றேன், வேற யாருக்காவது உதவும்.

முதல்ல சோத்துக் கஞ்சி. வடிச்ச கஞ்சிய ரெண்டு டம்ளர்ல தண்ணி கலந்து எடுத்துக்கிட்டோம், மெடிக்கல் ஷாப்புல டிங்சர் அயோடின் ஒரு சின்ன பாட்டில். தரசத்துல, அதான் கஞ்சில இருக்குற மாவுச்சத்துல, அயோடின் பட்டா கருநீலமா ஆகும்னு அவளுக்கே தெரியும். ஒரு டம்ளர்ல எச்சிலத் துப்பிக் கலக்கு, பத்து நிமிஷம் கழிச்சு ரெண்டுலயும் அயோடின் விட்டுப் பாரு, எச்சில் விட்டதுல நீலம் வராதுன்னேன். எச்சில்ல இருக்குற அமைலேஸ்ங்கிற நொதி தரசத்த உடைச்சிடும், செரித்தல் பாடத்துல வர்ற விஷயம்தான். முத நாள் ரெண்டுமே கருநீலம். பேத்தி என்னைய ஒரு பார்வை பார்த்தா. புக்கு தப்பா நீங்க தப்பான்னு கேட்டா. நானும் முழிச்சேன், அப்புறம் பார்த்தா பாட்டி அப்பத்தான் வடிச்சுக் கொடுத்த கஞ்சி, ஆவி பறக்குது. அந்தச் சூட்டுல நொதி செத்துப் போச்சு. நொதிக்கு உயிர் கிடையாது, சாகாது, அதோட வடிவம் குலைஞ்சு போகும்னுதான் சொல்லணும், டீச்சர் யாராவது படிச்சா என்னைய அடிக்க வருவாங்க. மறுநாள் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற வச்சு செஞ்சோம், கால் மணி நேரத்துல எச்சில் டம்ளர்ல நீலம் வரவே இல்ல, அயோடினோட பழுப்பு நிறம் அப்படியே நின்னுச்சு.

அத்தோட விட்டாளா. வயித்துல அமிலம் இருக்கே, அங்க போனா எச்சில் வேலை செய்யுமான்னு கேட்டா. எனக்கு இந்தக் கேள்வியக் கேட்டதும் உள்ளுக்குள்ள ஒரே குளிர்ச்சி. செஞ்சு பாருன்னேன். எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு கஞ்சில ஊத்தி எச்சிலும் விட்டு அயோடின் விட்டா நீலமே வரல. அமிலத்துல இன்னும் நல்லா செரிக்குது தாத்தான்னு நோட்டுல எழுதிட்டா. அது எப்படி, புத்தகத்துல வயித்துல போனதும் அமைலேஸ் வேலை நின்னுடும்னுல்ல இருக்கு, எனக்கு அரை நாள் தூக்கம் வரல சார். எங்க கூட வேல பார்த்து ரிட்டயரான கெமிஸ்ட்ரி சாருக்கு போன் போட்டேன், அவர் சிரிச்சுட்டு எலுமிச்சைச் சாறுல கஞ்சியே இல்லாம வெறும் அயோடின் மட்டும் விட்டுப் பாருங்கன்னாரு. விட்டோம். அயோடின் நிறமே காணாமப் போச்சு. எலுமிச்சைல இருக்குற விட்டமின் சி அயோடினையே நிறமில்லாம மாத்திடுது, அங்க செரிமானமும் நடக்கல ஒண்ணும் நடக்கல, பார்க்குற கருவியே கெட்டுப் போச்சு. அப்புறம் எலுமிச்சைக்குப் பதிலா வினிகர் விட்டு செஞ்சோம், நீலம் வந்துச்சு, அதாவது தரசம் உடையாம அப்படியே இருக்கு. எச்சில் இல்லாத டம்ளர் ஒண்ணு, எச்சிலைக் கொதிக்க வச்சு விட்டது ஒண்ணு, வினிகர் விட்டது ஒண்ணுன்னு அவளே வரிசையா வச்சு பேப்பர் ஒட்டி எழுதி வச்சா. கன்ட்ரோல்னா, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிறதுன்னா, என்னன்னு இதுக்கு மேல எந்தக் கோச்சிங்ல சொல்லிக் கொடுப்பாங்க? மொத்தச் செலவு ஒரு அயோடின் பாட்டில். நாலு நாள் ஓடிப்போச்சு, விளம்பரத்துக்காரங்க அந்த நாலு நாள்ல மூணு பாடம் முடிச்சிருப்பாங்க.

அடுத்து உப்பு. தூத்துக்குடிக்காரனுக்கு உப்பப் பத்திச் சொல்லவா வேணும். மே மாசம் வீட்டுல மாவடு போடுவாங்க. ஜாடில மாவடுவையும் கல்லுப்பையும் போட்டுக் குலுக்கி வச்சா ரெண்டு மூணு நாள்ல ஜாடில தண்ணி நிக்கும், யாரும் தண்ணி ஊத்தல. மாவடு சுருங்கிப் போயிருக்கும். தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன், அவளுக்கு சவ்வூடுபரவல்னு வார்த்தை தெரியும், டெஃபனிஷன் ஒரு எழுத்து பிசகாம சொல்லுவா, ஆனா அந்த வார்த்தையும் இந்த ஜாடியும் ஒண்ணுதான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அப்புறம் உருளைக்கிழங்க ஒரே நீளத்துக்கு ரெண்டு துண்டா நறுக்கி ஒண்ண உப்புத் தண்ணிலயும் ஒண்ண நல்ல தண்ணிலயும் போட்டு சாயந்தரம் ஸ்கேல் வச்சு அளந்தா, உப்புத் தண்ணில கிடந்தது குட்டையாகி ரப்பர் மாதிரி வளையுது, மத்தது விறைப்பா நிக்குது. வாடின கீரைக்கட்டுல தண்ணி தெளிச்சு வச்சா நிமிர்றதும், கருவாடு கெடாம இருக்குறதும், எல்லாம் அதே கதைதான். பாட்டனில தாவரங்களில் கடத்து முறைகள்னு ஒரு பாடம் வருது, நீரியல் திறன்னு ஒண்ண வச்சு பிள்ளைங்கள மிரட்டும், மைனஸ் நம்பர் எல்லாம் வரும். மாவடு ஜாடியப் பார்த்த பிள்ளை கொஞ்சம் கம்மியா மிரளும்.

மூணாவது திரேஸ்புரம், எங்க தூத்துக்குடில மீனவங்க இருக்குற பகுதி. விடியக்காலம் மீன் ஏலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். விலங்குலகம்னு ரெண்டாவது பாடம், எல்லாப் பிள்ளைங்களும் வெறுக்குற பாடம், தொகுதி வகுப்புன்னு அட்டவணை அட்டவணையா வரும். அங்க போய் நின்னா அந்த அட்டவணை மொத்தமும் கூடைல கிடக்கு. சுறாவத் தூக்கிக் காட்டச் சொன்னேன், பக்கவாட்டுல அஞ்சு கீறல் செவுள் வெளியவே தெரியுது. பக்கத்துலயே விளமீன், அதுக்கு செவுள் மேல மூடி போட்டிருக்கு. இது குருத்தெலும்பு மீன், அது எலும்பு மீன், இதுக்கு மேல என்ன நோட்ஸ் வேணும்? சுறாத் தோல வால்ல இருந்து தலை பக்கமாத் தடவச் சொன்னேன், உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்குதுன்னு கையை எடுத்துட்டா, அதான் பிளக்காய்டு செதில். சுறாவுக்கு உள்ள காத்துப்பை கிடையாது, நீந்தாம நின்னா மூழ்கிடும்னு நான் ஆரம்பிக்கும்போதே மீன் வெட்டுற அக்கா, "அண்ணாச்சி, காத்துப்பை இதுல கிடையாது, இந்தா இதுல பாருங்க"ன்னு விளமீன் வயித்தத் திறந்து வெள்ளையா பலூன் மாதிரி எடுத்துக் காட்டினாங்க. அவங்க எட்டாவதுகூடத் தாண்டலையாம். நண்டும் இறாலும் கணுக்காலி, கணவாய் மெல்லுடலி, சங்கும் மெல்லுடலிதான். கணவாயும் சங்கும் சொந்தக்காரங்கன்னதும் அவளால நம்ப முடியல, கணவாய்க்குள்ள இருந்த ஓட்ட எடுத்துக் கொடுத்ததும் நம்பினா. கடைசிப் பாடம் வணிக விலங்கியல், அதுல முத்து வளர்ப்பு வருது, முத்துக்குளிச்ச ஊர்ல பிறந்துட்டு அதப் போய் கைடு பார்த்துப் படிக்கிற பிள்ளைங்கள நினைச்சா எனக்கு கொஞ்சம் வருத்தம்தான்.

இதயத்துக்கு பாய் கடை. வெள்ளிக்கிழமையே சொல்லி வச்சேன், வழக்கமா கறிக்குப் போடுறப்ப இதயத்தக் கீறி ரத்தத்த எடுத்துடுவாங்க, அப்படிக் கீறாம மேல குழாயோட சேர்த்து முழுசாக் கொடுங்கன்னு. எதுக்கு அண்ணாச்சின்னு கேட்டார், பேத்தி படிக்கன்னேன், காசு வாங்க மாட்டேன்னுட்டார். வீட்டுல கழுவி வச்சு, முதல்ல வெளிய இருந்து அமுக்கிப் பாருன்னேன், ஒரு பக்கம் கல்லு மாதிரி, ஒரு பக்கம் தொளதொளன்னு. கல்லு மாதிரி இருக்குறது இடது வென்ட்ரிக்கிள், அதான் கீழறை, உடம்பு முழுக்க ரத்தத்தத் தள்ளணும், வலது பக்கம் பக்கத்துல இருக்குற நுரையீரலுக்குத் தள்ளினாப் போதும். மகாதமனிக் குழாய்ல தண்ணி ஊத்தினா உள்ள இறங்காம அப்படியே நிக்கும், அரைச்சந்திர வால்வு மூடிக்கும், இத ஒரு தடவ பார்த்த பிள்ளை ஜென்மத்துக்கும் மறக்காது. அப்புறம் நீளவாக்குல வெட்டினா வால்வு ஓரத்துல இருந்து வெள்ளை நூல் நூலா இறங்கி சதையோட கட்டியிருக்கும், குடைய காத்து திருப்பிப் போடாம பிடிச்சு வைக்கிற மாதிரி. எங்க வீட்டம்மா அன்னைக்கு முழுக்க சமையக்கட்டுப் பக்கம் எங்கள விடல, அது வேற கதை. சைவக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க இதெல்லாம் செய்யணும்னு இல்ல, யாரையும் கட்டாயப்படுத்துறதும் தப்பு. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், உயிரோட இருக்குற எதையும் வீட்டுல அறுக்க விடாதீங்க. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல தவளையத் தட்டுல ஆணி அடிச்சு வைப்போம், அத நினைச்சா இப்பவும் எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.

சைவக்காரங்களுக்குப் பூ இருக்கு. வேலில கிடக்குற சங்குப்பூ, குப்பைமேட்டுல ஊமத்தை, செம்பருத்தி, வெங்காயப் பூ. சங்குப்பூவுல மகரந்தத்தாள் பத்து, அதுல ஒம்பது ஒண்ணா ஒட்டியிருக்கும் ஒண்ணு தனியா நிக்கும், ஊசியால பிரிச்சு எண்ணிப் பார்க்கணும். ஃபேபேசி, சொலனேசி, லில்லியேசின்னு பாட்டனி புத்தகத்துல குடும்பம் குடும்பமா வரும், பூவோட பாகங்கள எழுத்தும் எண்ணுமாக் குறிக்கிற மலர் வாய்ப்பாடு பிள்ளைங்களுக்குக் கணக்கு ஃபார்முலா மாதிரி பயங்கரமாத் தெரியும். பத்து பூவ கையால பிரிச்சவங்களுக்கு அது சுருக்கெழுத்து, அவ்வளவே.

வார்த்தைங்க பத்தி ஒண்ணு சொல்லணும். தமிழ் மீடியத்துல படிச்சுட்டு ப்ளஸ் ஒன்ல இங்கிலீஷ் மீடியம் மாறுற பிள்ளைங்க முத மூணு மாசம் படுற பாட்ட நான் லேப் மூலைல இருந்து பார்த்திருக்கேன். நல்லாப் பேசுற பிள்ளை வாயைத் திறக்காது. விஷயம் தெரியாம இல்ல, பேரு தெரியாம. அதுக்கு லீவுல தினம் ஒரு அஞ்சு வேர்ச்சொல் போதும். சைட்டுன்னா செல், எரித்ரோன்னா சிவப்பு, லியூக்கோன்னா வெள்ளை, ஹெப்பட்டோ கல்லீரல், நெஃப்ரோ சிறுநீரகம், ஆஸ்டியோ எலும்பு, லைசிஸ்னா உடைக்கிறது, கிளைக்கோன்னா சர்க்கரை. இத வச்சுக்கிட்டா எரித்ரோசைட், லியூக்கோசைட், ஆஸ்டியோசைட், கிளைக்காலிசிஸ் எல்லாம் தானா அவிழ்ந்துடும், ஒவ்வொண்ணையும் தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டாம். நோட்டுல ஒரு பக்கம் தமிழ்ப் பேரு, ஒரு பக்கம் இங்கிலீஷ், நடுவுல ஒரு சின்னப் படம். தமிழ்ப் பேர விட்டுட வேண்டாம், இலைத்துளைன்னா அது இலைல இருக்குற துளைன்னு பேரே சொல்லுது, ஸ்டொமேட்டா அப்படிச் சொல்லாது.

படம் வரையறதுக்கு நல்ல பென்சில், ஷேடிங் போடாம ஒரே கோடு, பாகம் குறிக்கிற கோடு ஒண்ண ஒண்ணு வெட்டாம ஸ்கேல் வச்சு. கெமிஸ்ட்ரில பி.ஹெச், ஹைட்ரஜன் பிணைப்பு, அமிலம் காரம் இவ்வளவு ஞாபகம் இருந்தா உயிரி மூலக்கூறுகள் பாடத்துல தடுமாற மாட்டாங்க. யூடியூப் பார்க்கலாம், கல்வித் தொலைக்காட்சி பாடமும் இருக்கு, ஒரு நாளைக்கு ஒண்ணு. அதுக்கு மேல வேண்டாம், லீவு லீவாவும் இருக்கணும்ல, பேத்தி மத்தியானம் பூரா தூங்கினா, நான் எழுப்பல.

இவ்வளவும் வீட்டுல செய்யலாம். ஒண்ணு மட்டும் முடியாது, மைக்ராஸ்கோப். ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில இருக்குற மனு பிரகாஷ்ங்கிற நம்ம நாட்டுக்காரர் பேப்பர மடிச்சே செய்ற ஃபோல்டுஸ்கோப்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கார், 140 மடங்கு காட்டும், கிடைச்சா வாங்கலாம், நல்ல சாமான். ஆனா ப்ளஸ் ஒன்ல கைல வர்றது லேப் மைக்ராஸ்கோப்தான். எதைத் திருகணும், எப்பத் திருகக் கூடாது, பெரிய லென்ஸுக்கு மாத்தினப்புறம் பெரிய திருகைத் தொடவே கூடாது, தொட்டா ஸ்லைடு சதக்குனு உடையும், லென்ஸும் போகும், இதெல்லாம் சொன்னா வராது, செஞ்சு உடைச்சுத்தான் வரும். ஆனா ஒரு வகுப்புக்கு இருக்குறது அஞ்சாறு மைக்ராஸ்கோப், பிள்ளைங்க அம்பது பேர், ரெண்டு பீரியட். ஒரு பிள்ளைக்கு சில நிமிஷம் கிடைச்சாப் பெரிசு. வாய்க்காரப் பிள்ளை முன்னாடி நின்னுக்கும், கூச்சப்படுற பிள்ளை பக்கத்துல இருக்குறவளோட நோட்டப் பார்த்து வரைஞ்சுட்டுப் போயிடும், அது பெரும்பாலும் பொண்ணாத்தான் இருக்கும்.

அதே மைக்ராஸ்கோப் ஏப்ரல் கடைசில இருந்து ஜூன் வரைக்கும் பெட்டிக்குள்ள பூட்டிக் கிடக்கு. இதத்தான் கேக்க வந்தேன். ரிசல்ட் வந்து ப்ளஸ் ஒன் அட்மிஷன் போட்டதுக்கும் ஸ்கூல் திறக்குறதுக்கும் நடுவுல ஒரு பத்து நாள், காலைல எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும், ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிலயும் பயாலஜி லேப்ப மட்டும் திறந்து விட்டா என்ன? பாடம் நடத்த வேண்டாம், பரீட்சை வேண்டாம், ரெஜிஸ்டர்ல கையெழுத்துகூட வேண்டாம். வர்ற பிள்ளை வரட்டும், வெங்காயத் தோல உரிச்சுப் பார்க்கட்டும், குளத்துத் தண்ணி ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கட்டும், ரியோங்கிற ஊதா இலைச் செடியோட இலைத் தோல்ல உப்புத் தண்ணி விட்டு ஊதா நிறம் உள்ளுக்குள்ள சுருங்குறதப் பார்க்கட்டும், வெங்காயத்த டம்ளர் தண்ணி மேல உக்கார வச்சு வேர் விடுதான்னு தினம் வந்து பார்க்கட்டும். ஆசிட், சாயம் போடுற வேலை எல்லாம் ஸ்கூல் திறந்தப்புறம் டீச்சர் பார்த்துக்குவாங்க.

என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். லீவுல டீச்சர்ஸக் கூப்பிட முடியாது, நியாயம்தான், வருஷம் பூரா தொண்டை கிழியக் கத்துறவங்களுக்கு அந்த லீவு வேணும், நான் மறுக்கல. வெயில்ங்கிறீங்க, அதான் பதினொரு மணியோட முடிக்கச் சொல்றேன். சாமான் உடைஞ்சா யாரு பொறுப்புன்னு கேப்பாங்க. ஐயா, கடக்கரை ஊர்ல ரெண்டு மாசம் பெட்டிக்குள்ள பூட்டி வச்சாத்தான் அது கெடும். திறந்து பார்க்கும்போது லென்ஸ்ல சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்து இருக்கும், அது பிடிச்சா துடைச்சும் போகாது. நான் இருந்தப்ப லீவுலயும் வாரத்துக்கு ஒரு தடவ போய் பெட்டிய எல்லாம் திறந்து காத்தாட வச்சு, சிலிக்கா ஜெல் நீலம் போய் ரோஸ் கலர் ஆயிருந்தா சட்டில வறுத்து திரும்ப நீலமாக்கி வச்சுட்டு வருவேன், இதுக்கு எனக்கு யாரும் சம்பளம் தரல, ஆர்டரும் போடல. பிள்ளைங்க உடைக்கிற கண்ணாடி ஸ்லைடவிட பூஞ்சை தின்ன லென்ஸ்தான் ஜாஸ்தி, எத்தனைன்னு ஸ்டாக் ரெஜிஸ்டர எடுத்துப் பார்த்தாத் தெரியும்.

ஆள் இல்லன்னா, என்ன மாதிரி ரிட்டயர் ஆனவங்க எல்லா ஊர்லயும் காலைல டீக்கடைல உங்க பேப்பரப் படிச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்காங்க. லேப் அசிஸ்டெண்ட், பாட்டனி டீச்சர், ஜூவாலஜி சார். கூப்பிட்டா வருவோம், டீ வாங்கிக் கொடுத்தாப் போதும், அதுவும் வேண்டாம்னா வேண்டாம். தலைமை ஆசிரியர் ஒரு கையெழுத்துப் போட்டா நடக்குற காரியம்னுதான் நான் நினைக்கிறேன், மேல இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தா அவங்களுக்கும் பயம் இல்லாம இருக்கும். உங்க பேப்பர்ல நாலு வரி வந்தா சுற்றறிக்கை போடுறவங்க கண்ணுல படும்னு ஒரு நப்பாசை.

பேத்திக்கு வெங்காயத் தோல் இன்னும் காட்டல. கவர் ஸ்லிப்ப எப்படிச் சாய்ச்சு இறக்கணும்னு தட்டுல தண்ணி விட்டு பழைய பிளாஸ்டிக் துண்ட வச்சு பழக்கிட்டேன், காத்துக் குமிழி இல்லாம நல்லா வருது, பார்க்கத்தான் மைக்ராஸ்கோப் இல்ல. நான் வேல பார்த்த ஸ்கூல் என் வீட்டுல இருந்து நடந்தா ஏழு நிமிஷம். லேப் பீரோ சாவி இப்பவும் ஆபீஸ் ரூம்ல காலண்டருக்குப் பின்னாடி இருக்குற ஆணிலதான் தொங்கும், இடம் மாத்தியிருக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
தூத்துக்குடி மாவட்டம்.
(பேரு போட வேண்டாம் சார், மகன் திட்டுவான்.)